சாவு வீட்டில் ஊதாதவன்

கண்டக்டருக்கு என் மடியில் இருந்த பெட்டியைப் பார்த்ததுமே பிடிக்கவில்லை. பஸ்ஸின் கூரையில் ஏற்றச் சொன்னார். முடியாது என்றேன்.

"உள்ள இன்னாதான் கீது?"

"வாத்தியம்."

"நாயனமா?"

"சாக்சபோன்."

அவர் அதைக் காதில் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. "ஒரு ஆள் எடத்த அடச்சிக்கினு கீது. அதுக்கும் சேத்து ஒரு டிக்கெட் வாங்கு" என்றார்.

சிங்கப்பூராக இருந்தால் சண்டை போட்டிருப்பேன். இங்கே பேசாமல் இரண்டு டிக்கெட் வாங்கினேன். யோசித்துப் பார்த்தால் அவர் கேட்டதில் தப்பில்லை. என்னைப் பொறுத்தவரை, பல காலம் கழித்து ஊருக்குத் திரும்பும் ஓர் ஆள்தான் அந்தப் பெட்டிக்குள் இருந்தான்.

ஆளின் பெயர் தேவசகாயம். சிங்கப்பூர் பார்களில் அவன் டேவ். அமெரிக்கக் கறுப்பர்களின் ரிதம் அண்ட் புளூஸ் பாட்டுகளை சாக்சபோனில் ஊதியவன். நான் அவன் குழுவில் டிரம்ஸ். டிரம்ஸ் அடிப்பவனுக்கு எப்போதும் பின்னால்தான் இடம். அதனால் டேவின் முகத்தைவிட முதுகுதான் எனக்கு நன்றாகத் தெரியும். சட்டை எந்த இடத்தில் முதலில் நனையும், எந்தத் தோள் இறங்கினால் பாட்டை முடிக்கப்போகிறான், எல்லாம் எனக்கு அத்துப்படி.

நுரையீரல் கெட்டு, போன வருடம் செத்துப்போனான். ஆஸ்பத்திரியில் அவன் என்னிடம் கடைசியாகக் கேட்டது ஒன்றுதான். "இத எங்க அண்ணன் கையில குடுத்துடு செல்லையா. வேற யார் கையிலயும் குடுக்காத." அண்ணன் பெயர் ஆரோக்கியம், உத்திரமேரூர் பக்கத்தில் கிராமம் என்பதற்கு மேல் அவன் எதுவும் சொல்லவில்லை. அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்று ரொம்பக் காலம் ஆகியிருந்தது.

எனக்கு இந்தியா இதுதான் முதல் தடவை. என் தாத்தா எந்த ஊரிலிருந்து கப்பலேறினார் என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. டேவ் கேட்டுக்கொண்டான் என்பதற்காக வந்தேன். அவன்மேல் எனக்கு இருந்த கோபமும் சேர்ந்துதான் என்னைக் கிளப்பியது. அதைப் பிறகு சொல்கிறேன்.

வாலாஜாபாத்தில் டயர் வெடித்தது. பயணிகள் யாரும் கோபப்படவில்லை. அதுவும் ஒரு நிறுத்தம் என்பதுபோல இறங்கிப்போய் மர நிழலில் உட்கார்ந்துகொண்டார்கள். ஊர் முழுக்க அரிசி மில்களிலிருந்து நெல் அவியும் வாசனை. "நாஷ்டா துண்ணியா?" என்று முன்பின் தெரியாத ஒருவர் என்னைக் கேட்டு, அவரே ஓட்டலுக்கும் கூட்டிப்போனார். இட்லியும் வடகறியும். சிங்கப்பூரில் வடகறி என்ற பெயரில் எனக்குக் கொடுத்ததெல்லாம் பொய் என்று அங்கேதான் தெரிந்தது. காப்பி மட்டும் எங்கள் சிங்கப்பூர்க் கோப்பிதான். இங்கே பாலில் காப்பியைக் காட்டிவிட்டு எடுத்துவிடுகிறார்கள்.

பஸ் மறுபடி கிளம்பி ஒரு பெரிய மணல்வெளியைத் தாண்டியது. கண்ணுக்கு எட்டியவரை மணல்தான்.

"ஆறு எப்ப வரும்?" என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டேன்.

"இதாங்க ஆறு. பாலாறு."

டேவ் இந்த மணலைப் பற்றிச் சொல்லியிருக்கிறான். காஞ்சிபுரத்தில் மிஷன் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது லீவுக்கு இதில் நடந்தே வீட்டுக்கு வருவானாம். அங்கேதான் கிளாரினெட் பழகினான். பிறகு மெட்ராஸில் ஒரு பேண்டு செட், ஆறு மாதம்கூட இல்லை. அப்புறம் பட்டாளத்து பேண்டு, பெங்களூர் கிளப்புகள், கடைசியில் கப்பல். ஐம்பதுகளில் சிங்கப்பூரில் வந்து இறங்கியபோது அவன் கையில் இந்த சாக்சபோன் இருந்தது. காலில் இருந்த ஷூ இரவல்.

கப்பல்காரர்கள் குடிக்கும் இடங்களில்தான் எங்கள் பிழைப்பு. மற்றவர்கள் சாக்சபோனை அழகாக ஊதினார்கள். டேவ் அதை வாய்விட்டுப் பேச வைத்தான். கட்டை ஸ்வரத்தில் முணுமுணுப்பான், திடீரென்று சண்டைக்காரன்போல உச்சத்தில் கத்துவான், ஆடுகிறவர்கள் மூச்சுவாங்கி நிற்கும்போது ஒரே ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு விடவே மாட்டான். வியட்நாம் சண்டையிலிருந்து லீவில் வந்த அமெரிக்கச் சிப்பாய்கள் அவனைத் தேடிக்கொண்டு வந்தார்கள். கறுப்புச் சிப்பாய் ஒருவன் மேடைக்கு ஏறிவந்து, "இது எங்கள் அமெரிக்கத் தெற்கத்தி ஊதல். நீ தெற்கிலிருந்துதானே வருகிறாய்?" என்று கேட்டான்.

"தெற்குதான்" என்றான் டேவ்.

"எந்த ஊர்?"

"செங்கல்பட்டு ஜில்லா."

சிப்பாய் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, தான் அந்தப் பக்கம் போனதில்லை என்று சொல்லி அவன் கையைப் பிடித்துக் குலுக்கினான். அதற்குப் பிறகு எங்கள் குழுவில் எதற்கெடுத்தாலும் செங்கல்பட்டு ஜில்லாதான்.

பிறகு ஒவ்வொன்றாகப் போனது. வெள்ளைக்காரப் பட்டாளம் போனது, சண்டை முடிந்து அமெரிக்கர்கள் போனார்கள், டிஸ்கோ வந்தது. இசைத்தட்டு சுழற்ற ஒரு பையன் போதும் என்று ஆகிவிட்டது. டேவ் ஒரு ஓட்டலில் சூப் குடிக்கிறவர்களுக்கு வாசித்தான். அதுவும் நின்றது.

எங்களைக் காப்பாற்றியது சீனர் வீட்டுச் சாவு. அவர்கள் சவ ஊர்வலத்துக்கு பேண்டு வைப்பார்கள். வெள்ளை யூனிபார்ம், தொப்பி, முன்னால் டிரம்பெட், பின்னால் டிரம்ஸ். வேலை போன வாத்தியக்காரர்கள் எல்லாரும் அங்கேதான் போய்ச் சேர்ந்தோம். டேவ் மட்டும் வரவில்லை. தலைகீழாக நின்று பார்த்தோம். ஒரு கிடங்கில் வாட்ச்மேன் வேலைக்குப் போனான். தூசியில் இருமத் தொடங்கியது அங்கேதான்.

அதுகூடப் பரவாயில்லை. எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. வாத்தியக்காரன் வீட்டில் யார் செத்தாலும் எல்லாரும் போய் கல்லறைவரை வாசித்துக் கொண்டுபோய் விடுவோம். என் மனைவி லூசி செத்தபோது எல்லாரும் வந்தார்கள். டேவும் வந்தான், பெட்டி இல்லாமல். நானே கேட்டேன். "அவளுக்காக ஒரு பாட்டு, டேவ். ஒண்ணே ஒண்ணு." அவன் தலையை ஆட்டினான், முடியாதென்று. குழி மூடும்வரை வெயிலில் இரண்டு கையையும் முன்னால் கோர்த்துக்கொண்டு நின்றான். அவன் சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்தவள் லூசி. எத்தனையோ நாள் அவன் எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டான். ஏன் ஊதவில்லை என்று கடைசிவரை சொல்லவில்லை. நான் மறுபடி அவனோடு பேச ஆரம்பித்தேன், ஆஸ்பத்திரியில் பக்கத்தில் இருந்தேன், எல்லாம் சரி. ஆனால் நெஞ்சில் தைத்தது தைத்தபடிதான் இருந்தது.

உத்திரமேரூரில் ஒரு லாட்ஜில் தங்கினேன். கொசுவலை கேட்டதற்கு மேனேஜர் ஊர்ப் பெருமை சொன்னார். "வெள்ளக்காரனுக்கு முன்னாடியே எலெக்சன் நடத்துன ஊரு சார் இது. கோயில் செவுத்துல கல்வெட்டு கீது. ஆயிரம் வருசம்."

"அந்த எலெக்சன்ல எல்லாருக்கும் ஓட்டு இருந்துச்சா?"

"அதெல்லாம் எனக்கு எப்டி சார் தெரியும்?" என்று அவர் போய்விட்டார். கொசுவலை வரவில்லை.

மறுநாள் காலை திருப்புலிவனம் தாண்டி ஒரு கிராமத்தின் முனையில் இறங்கினேன். ஊர்ப் பெயர் வேண்டாம். டீக்கடையில் எவர்சில்வர் டம்ளரில் டீ கொடுத்தார்கள். நல்ல டீ. ஆரோக்கியம் வீடு எது என்று கேட்டேன். கடைக்காரர் என் பேண்ட்டையும் பெட்டியையும் ஒரு முறை பார்த்தார். "காலனிக்கா போறீங்க?" என்று கேட்டுவிட்டு, ஏரிக்கரையைக் கையால் காட்டினார்.

அண்ணனை நான் முதலில் பார்த்தது பின்னாலிருந்து. வீட்டு முன்னால் குனிந்து விறகு பிளந்துகொண்டிருந்தார். அதே முதுகு. வலது தோள் கொஞ்சம் தூக்கலாக, கழுத்துக்குக் கீழே அதே பள்ளம். நான் யார் என்று சொன்னேன். கோடாரியைக் கீழே வைத்தார்.

"தேவன் செத்துட்டானா?" என்றார். கேள்வி மாதிரியே இல்லை. "வாங்க தம்பி. உள்ள வாங்க."

அண்ணி மரியம்மா கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும் வைத்தார். சுவரில் ஒரு சிலுவை, அதன் கீழே சாமந்தி மாலை. அண்ணன் எதுவும் கேட்கவில்லை. அண்ணிதான் கேட்டார். கல்யாணம் பண்ணிக்கொண்டானா, ஒழுங்காகச் சாப்பிட்டானா, சாகும்போது பக்கத்தில் யார் இருந்தார்கள். நான் சொன்னேன். அவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அப்போதுதான் நான் டேப் ரிக்கார்டரை எடுத்தேன். கஸ்டம்ஸில் மன்றாடிக் காப்பாற்றிக் கொண்டுவந்தது. "அண்ணே, உங்க தம்பிய நாங்க அனாதையா அனுப்பல. ராஜா மாதிரி அனுப்பினோம். கேளுங்க" என்று பெருமையாகச் சொல்லி பட்டனை அழுத்தினேன்.

டேவின் சவ ஊர்வலம். அவன் எந்தச் சாவுக்கும் ஊதாதவன் என்றாலும் அவனுக்கு நாங்கள் குறை வைக்கவில்லை. நான்கு டிரம்பெட், இரண்டு டிராம்போன், நடுவில் என் டிரம். தம், தம் என்று மெதுவாக அடி விழ, பின்னால் செருப்புச் சத்தம். எங்கள் வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமாக நாங்கள் வாசித்ததே இல்லை.

அண்ணி கையை வாயில் வைத்துக்கொண்டார். அண்ணன் எழுந்து நின்றார்.

"யாரு அடிக்கறது?"

"நான்தாண்ணே."

"நிறுத்து."

நிறுத்துவதற்குள் அவர் வெளியே போய்விட்டார். தெருவில் எட்டிப் பார்த்த இரண்டு பெண்களும் தலையை இழுத்துக்கொண்டார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அண்ணிதான் சொன்னார். "எங்க மாமனாரு, அதான் இவங்க நைனா, ஊர்ல பறையடிக்கறவரு. ஊர்க்காரன் வூட்ல எழவு வுழுந்தா, ராவோ பகலோ, இவங்க போயாவணும். பாடைக்கு முன்னால அடிச்சிக்கினே போவணும். ஜொரம்னு படுத்துக்கினா வூட்டாண்ட வந்து இஸ்துக்கினு போவாங்க. ஒரு நாளு இவங்க அம்மா செத்துப்போச்சு. பொணம் வூட்ல கெடக்குது. அன்னிக்குன்னு ஊர்லயும் ஒரு சாவு. வந்து கூப்ட்டாங்க. பொண்டாட்டிய போட்டுட்டுப் போயி அவங்களுக்கு அடிச்சிட்டு வந்தாரு."

அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டுத் தொடர்ந்தார்.

"வந்து மோளத்த அடுப்புல வெச்சிட்டாரு. ரெண்டு புள்ளைங்களயும் அம்மா பொணத்தாண்ட கூப்ட்டு சத்தியம் வாங்கனாரு. இந்த வூட்டுக் கை இனிமே எந்தச் சாவுக்கும் வாத்தியம் தொடக்கூடாதுன்னு. காலனியே அவரு பின்னால நின்னுச்சு. ஒரு வருசம் யாரும் கூலிக்குக் கூப்டல. கெணத்துத் தண்ணி இல்ல. கீரயத் துன்னு கெடந்தாங்க. இன்னிக்கும் எங்க காலனில சாவுன்னா ஜெபம் மட்டுந்தான். கொட்டு கெடையாது."

டேவ் மெட்ராஸுக்குப் போனதும், பேண்டு செட்டில் யூனிபார்ம் போட்டுக்கொண்டு போவதை யாரோ பார்த்துவிட்டு வந்து சொல்லியிருக்கிறார்கள். பேண்டு செட் என்றால் கல்யாணத்துக்கும் போகும், சாவுக்கும் போகும். தம்பி அம்மா பிணத்தின் மேல் செய்த சத்தியத்தை விற்றுவிட்டான் என்று அண்ணன் அன்றோடு அவனைத் தலைமுழுகினார். அவன் போட்ட கடிதங்களை வாங்காமலே திருப்பிவிட்டார்.

அண்ணன் திரும்பி வந்தபோது வெயில் இறங்கியிருந்தது. வாசலிலேயே நின்றார். "அந்தப் பொட்டி இந்த வூட்டுக்கு வேணாம் தம்பி. எடுத்துக்கினு போங்க."

எனக்குக் கோபம் வந்தது. கடல் தாண்டி வந்தவனை இப்படியா? பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். ஏரிக்கரையில் பாதி வழி வந்தபின்தான் எனக்கு உறைத்தது. டேவ் மெட்ராஸ் பேண்டு செட்டில் ஏன் ஆறு மாதம்கூட நிலைக்கவில்லை, ஏன் வாட்ச்மேன் வேலைக்குப் போனான், லூசியின் குழிக்குப் பக்கத்தில் ஏன் கையைக் கோர்த்துக்கொண்டு நின்றான். கரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். கடைசி பஸ் போகும் சத்தம் கேட்டபிறகுதான் ஓடினேன். எப்படியோ ஒரு மாட்டுவண்டியில் லாட்ஜ் வந்து சேர்ந்தேன்.

மூன்றாம் நாள் அதே டீக்கடை. எனக்கு டீ வேறு கிளாஸில் வந்தது. சுவரில் ஆணியில் தனியாகத் தொங்கிய கண்ணாடி கிளாஸ். நானே எடுத்து, நானே கழுவி நீட்ட வேண்டியிருந்தது. நேற்று நான் எங்கே சாப்பிட்டேன் என்பது ஊருக்குத் தெரிந்துவிட்டது. பெஞ்சில் இருந்த வெள்ளைவேட்டிக்காரர் என்னிடம் இல்லாமல் பொதுவாகச் சொன்னார். "அவுங்க அப்பன் எங்க வூட்டு எழவுக்கெல்லாம் அடிச்சவன். அப்பறம் திமிரு ஏறிப்போச்சு." டீயைக் குடிக்காமல் அங்கேயே ஊற்றிவிட்டு நடந்தேன். கல்வெட்டு லாட்ஜ்காரரிடம் இதையும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

அண்ணன் நாற்றங்காலில் சேற்றுக்குள் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் பெட்டியோடு வரப்பில் நின்றபடியே பேசினேன்.

"அண்ணே, அந்த டேப்புல அடிச்சது நாங்க. அவனுக்குத் தெரியாது, அவன் சவப்பெட்டிக்குள்ள கிடந்தான். தப்பு எங்களுது. ஆனா இந்த வாத்தியத்த அவன் ஒரு சாவுக்கும் ஊதினதில்ல."

"பேண்டுகாரன் சாவுக்கு ஊதாம இருப்பானா?" நிமிராமலே கேட்டார்.

"எங்க எல்லாருக்கும் அங்க சாவுதான் சோறு போட்டுச்சு. அவன் ஒருத்தன்தான் வரல. கிடங்குல மூட்டைக்குக் காவல் இருந்தான். அந்தத் தூசியிலதான் நெஞ்சு போச்சு. உங்க சத்தியத்துலதாண்ணே அவன் செத்தான்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். நான் விடவில்லை.

"என் சம்சாரம் செத்தப்ப கேட்டேன். அவனுக்கு சோறு போட்டவ. ஒரு பாட்டு ஊதுடான்னு கெஞ்சினேன். ஊதல. இத்தன வருஷமா அந்தக் கோவத்த வச்சுக்கிட்டு இருந்தேன். அவ மேல ஆணையா சொல்றேன்."

அண்ணன் அப்படியே நின்றார். சேறு முழங்கால்வரை. பக்கத்து வயலில் யாரோ மாட்டை அதட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் உதடு கோணியது. "முப்பது வருசம்" என்றார். "அவன் போட்ட ஒரு கடுதாசியக்கூட நான் வாங்கிப் பிரிக்கல தம்பி. எழுதியிருப்பானே. ஊதலண்ணான்னு எழுதியிருப்பானே." நான் வரப்பில் உட்கார்ந்து அழுதேன். அவரும் அழுதார், நின்றுகொண்டே.

பிறகு அவர் வாய்க்காலில் இறங்கி இரண்டு கையையும் கழுவினார். நகத்திலிருந்த சேற்றைக்கூட விடவில்லை. துண்டில் துடைத்துக்கொண்டு கையை நீட்டினார். பெட்டியைக் கொடுத்தேன். டேவ் கேட்டுக்கொண்ட வேலை அந்த இடத்தில் முடிந்தது.

வீட்டுக்கு வந்ததும், "அவன் ஊதனது எதுலயாவது கீதா?" என்று கேட்டார். டேப்பின் மறுபக்கத்தில் இருந்தது. ஒரு சனிக்கிழமை பாரில் நான் பிடித்தது. சம்பள நாளில் ஒருவன் கூத்தடிக்கும் பாட்டு. டேவ் ஆரம்பத்திலேயே கத்திக்கொண்டுதான் வருவான். அண்ணி பயந்து சிரித்தார். தெருப் பிள்ளைகள் வாசலில் கூடி, நாலு அடி கேட்டதும் ஆடத் தொடங்கின.

"இதுக்கு அங்க ஆடுவாங்களா?"

"விடிய விடிய ஆடுவாங்கண்ணே."

"அப்ப சரி" என்றார். கொஞ்சம் கழித்து, "தையில எங்க பொண்ணுக்குக் கல்யாணம். எவனாச்சும் ஊதத் தெரிஞ்சவன இஸ்துக்கினு வந்து ஊத வெக்கறேன்" என்றார்.

கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்க சம்சாரம் பேரு இன்னா தம்பி?"

"லூசி."

"ஞாயித்துக்கெழம இருந்துட்டுப் போங்க. மாதா கோயில்ல தேவனுக்குப் பூசை வெக்கறேன். அதோட அந்த அம்மாவுக்கும் வெக்கச் சொல்றேன். எங்க ஊரு வயக்கப்படி. கொட்டு இல்லாம."

இருந்தேன். ஓடு போட்ட சின்னக் கோயில். வெளியில் ஏரிக்காற்று. சாமியார் தேவசகாயம் என்றார், லூசி என்றார். எல்லாரும் எழுந்து நின்றார்கள். அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. வாழ்நாள் முழுக்க எதையாவது தட்டிக்கொண்டே இருந்தவன் நான். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. டேவ் வைத்திருந்த மாதிரி முன்னால் கோர்த்துக்கொண்டேன்.